ராபர்ட் ஆர்ம்: கர்நாடக யுத்தங்களின் சரித்திரகாரர்

பொன்மலை என்றால் இன்று நம் நினைவுக்கு வருவது இரயில்வே தொழிற்சாலையும், வேளை தவறாமல் ஊதும் அதன் சங்கும், அந்தச் சங்கொலிக்குக் கட்டுப்பட்டு விரையும் தொழிலாளர் கூட்டமும்தான். ஆனால் 1753-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், அந்தக் கற்குன்றின் உச்சி யார் வசத்தில் இருக்கிறதோ அவர் வசத்தில்தான் திருச்சிராப்பள்ளிக் கோட்டையும் இருக்கும் என்ற நிலைமை ஏற்பட்டிருந்தது. குன்றில் காவலிருந்த சிப்பாய்களைப் பிரெஞ்சுப் படை அடித்து விரட்டிவிட, சுற்றிலும் மைசூர்க் குதிரைப்படை சூழ்ந்து நிற்க, நின்றாலும் அழிவு, திரும்பினாலும் அழிவு என்று கண்ட மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ், தம் கிரனேடியர்களையும் சிப்பாய்களில் சிறந்தவர்களையும், ஒரு குண்டுகூடச் சுடாமல் குன்றின்மேல் ஏறும்படி ஏவினார். ஏறினார்கள், குன்று மீண்டது, கோட்டையும் பிழைத்தது.

இந்தச் சம்பவத்தை இவ்வளவு துலக்கமாக நாம் அறிந்திருப்பதற்குக் காரணமான மனிதர் அந்தப் போர்க்களத்தில் இல்லை. எந்தப் போர்க்களத்திலும் வாள் பிடித்தவரும் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குப் புத்தகங்களோடு வாழ்ந்த ராபர்ட் ஆர்ம் என்ற சிவில் உத்தியோகஸ்தர்தான் தென்னிந்தியாவின் பதினெட்டாம் நூற்றாண்டு யுத்தங்களுக்கு முதல் பெரும் சரித்திரகாரரானார். 1745 முதல் இந்துஸ்தானத்தில் ஆங்கில ஜாதியார் நடத்திய இராணுவ நடவடிக்கைகளின் சரித்திரம் என்ற அவருடைய கிரந்தத்தின் முதல் பாகம் 1763-இலும் இரண்டாம் பாகம் 1778-இலும் இலண்டனில் வெளிவந்தன. ஆர்க்காடு, திருச்சி, மதுரை, நத்தம், நெற்கட்டுஞ்செவ்வல், வந்தவாசி, புதுச்சேரி என்று நமக்குப் பழகிய ஊர்களின் பெயர்கள் ஓர் ஐரோப்பிய யுத்த சரித்திரத்தில் இத்தனை விஸ்தாரமாக இடம்பெற்றது அதுவே முதன்முறை. அன்று முதல் இன்றுவரை அந்தக் காலத்தைப் பற்றி எழுதப் புகுந்தவர்களில் ஆர்மின் வாசல் வழியாக நுழையாதவர் அரியர்.

ஆர்ம் பிறந்ததும் நம் மண்ணுக்கு அண்டையில்தான். 1728-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி, திருவிதாங்கூர்க் கரையிலுள்ள அஞ்சுதெங்கில், அங்கிருந்த ஆங்கிலக் கிடங்கின் வைத்தியரும் தலைமை அதிகாரியுமான அலெக்சாண்டர் ஆர்மின் புதல்வராகப் பிறந்தார். பச்சிளம் பருவத்திலேயே இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, ஹாரோ பள்ளியில் படித்து, 1742-இல் கல்கத்தாவுக்கு வந்து, மறு வருஷம் கம்பெனியில் ரைட்டராக அமர்ந்தார். புத்தகப் பித்தும் அளந்து பேசும் சுபாவமும் சேர்ந்து, 'சிசரோ' என்ற பட்டப்பெயரை நண்பர்களிடையே அவருக்கு வாங்கித் தந்தன. 1753-இல் கம்பெனிப் படைத் தலைவர் கிளைவுடன் ஒரே கப்பலில் தாய்நாடு சென்றவர், அடுத்த வருஷமே சென்னைக் கோட்டையின் ஆலோசனை சபையில் அங்கத்தினராகத் திரும்பி வந்தார். கல்கத்தா வீழ்ந்த செய்தி 1756-இல் சென்னையை எட்டியபோது, மீட்புப் படைக்குத் தலைவராகக் கிளைவையே அனுப்ப வேண்டும் என்று சபையில் வற்புறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். பின்னர் படைகளின் கமிஸரியாகவும் கம்பெனியின் தலைமைக் கணக்கராகவும் இருந்து, 1758-இன் இறுதியில் ஊர் திரும்புகையில், அவர் ஏறியிருந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொள்ள, மொரீஷியஸ் தீவில் கைதியாக இருந்துவிட்டு, 1760-இல்தான் இலண்டன் போய்ச் சேர்ந்தார்.

படைகளுக்கு அரிசி, மாடு, வெடிமருந்து, சம்பளம் ஆகியவை எங்கிருந்து வருகின்றன, எத்தனை நாளைக்குக் காணும் என்று அன்றாடம் கணக்குப் பார்த்த ஓர் உத்தியோகஸ்தரின் கண் அவருடைய சரித்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் விழித்திருக்கிறது. திருச்சி முற்றுகைகளை அவர் எழுதும்போது வீரர்களின் பராக்கிரமத்தைவிடப் புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வரவேண்டிய தானியமே கதாநாயகனாக இருக்கிறது. எந்தக் காட்டு வழியாக மாட்டுப் பொதிகள் வந்தன, எந்த இரவில் வந்தன, யார் காவல் போனார்கள் என்பதையெல்லாம் சொன்ன பிறகே சண்டைக்கு வருகிறார். 1754-இல் கோயிலடிக்கருகே காவேரியின் கரையைப் பகைவர் வெட்டி, தண்ணீரைக் கொள்ளிடத்தில் விழச் செய்து, தஞ்சைச் சீமையை வறள அடிக்க முயன்ற கொடுமையை அவர் குறித்திருக்கிறார். நீரைத் தடுப்பது பீரங்கியைவிடக் கொடிய ஆயுதம் என்பதைத் தஞ்சை ஜில்லாக் குடியானவனுக்கு யாரும் போதிக்க வேண்டியதில்லை. ஆயினும் ஹார்லி தெருவில் அமர்ந்து எழுதிய ஓர் ஆங்கிலேயர் அதை உணர்ந்து யுத்த சரித்திரத்துக்குள் கொண்டுவந்தார் என்பது கவனிக்கத் தக்கது.

சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்ட 1758-59-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை அவர் விவரித்திருக்கும் முறையைப் பாருங்கள். முற்றுகை தொடங்கு முன்பே அவர் கப்பல் ஏறிவிட்டார். ஆகவே அவர் எழுதியது முழுவதும் பிறருடைய தினசரிகளையும் கணக்குகளையும் கொண்டுதான். ஆனாலும் கோட்டையிலிருந்து பீரங்கிகள் 26,554 முறை சுட்டன. மார்ட்டர்கள் 7,502 வெடிகுண்டுகளை வீசின. கையெறி குண்டுகள் 1,990. துப்பாக்கித் தோட்டாக்கள் இரண்டு இலட்சம். செலவான வெடிமருந்து 1,768 பீப்பாய் என்று அவர் நிறுத்தி அளந்து தருகிறார். இந்த இலக்கங்களை வெறும் பட்டியல் என்று தள்ளிவிடக் கூடாது. கோட்டைக்குள் எத்தனை இருப்பு இருந்திருக்க வேண்டும், அதைச் சேர்த்துவைத்த முன்யோசனை எத்தகையது, அத்தனை மருந்தைப் புகைத்தும் ஓயாத முற்றுகையின் உக்கிரம் எத்தகையது என்பவற்றையெல்லாம் அலங்கார வார்த்தைகள் இல்லாமலே அவை உணர்த்திவிடுகின்றன. சென்னையின் பழைய சரித்திரத்தை 1913-இல் மூன்று பாகங்களாக எழுதிய லவ் இம்முற்றுகைக்கு ஆர்மைப் பெரிதும் துணைகொண்டதில் ஆச்சரியமில்லை.

இவ்வளவு நுணுக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. கிளைவைப் பற்றி 1840-இல் எழுதிய பிரசித்தமான கட்டுரையில் மெக்காலே, நடையழகிலும் சித்திரிக்கும் ஆற்றலிலும் ஆர்ம் எந்த ஆங்கிலச் சரித்திராசிரியருக்கும் தாழ்ந்தவரல்லர் என்று போற்றிவிட்டு, ஒரு பாகத்தில் சராசரியாக நாற்பத்தெட்டு மணி நேரத்து நிகழ்ச்சிகளுக்கு நெருக்கி அச்சிட்ட பெரிய பக்கம் ஒன்றை அவர் ஒதுக்கியிருப்பதால் வாசகர் சலித்துப்போகிறார் என்று குறை சொன்னார். குறை உண்மைதான். ஆனால் மெக்காலே தம் கட்டுரையில் ஆர்க்காட்டு முற்றுகையைத் தீட்டிய வர்ணங்களில் பல ஆர்மின் கிண்ணத்திலிருந்து தொட்டுக்கொண்டவை என்பதும் உண்மைதான். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கோட்டைக் கதவை இடிக்க ஓட்டிவந்ததும், துப்பாக்கிக் குண்டு பட்டதும் அவை திரும்பித் தம் படையையே மிதித்ததும், கடைசித் தாக்குதல் மொகரம் பண்டிகை நாளில் நிகழ்ந்ததும் ஆர்ம் சேகரித்து வைத்த செய்திகள். பொறுமையாகச் சேர்த்தவர் ஒருவர், புகழ் பெற்றவர் மற்றொருவர் என்பது சரித்திர எழுத்தில் அடிக்கடி நேர்கிற அநீதி.

ஆனால் வெறும் சேகரிப்பாளராக மட்டும் ஆர்மைக் கொள்வது தவறு. 1746-இல் பரதிஸ் என்ற தலைவரின் கீழ் ஆயிரம் பேர்கூட இல்லாத பிரெஞ்சுப் படை, அடையாற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானின் பெருஞ்சேனையைச் சிதறடித்தது. அது ஒரு சில்லறைச் சண்டையல்ல, ஒரு யுகத்தின் திருப்பம் என்ற தீர்மானத்துக்கு அழுத்தமான வடிவம் கொடுத்தவர் ஆர்ம். நூறு வருஷத்துக்கு மேலாக மொகலாய அதிகாரிகளை எந்த ஐரோப்பியரும் களத்தில் வென்றதில்லை என்பதை அவர் நினைவூட்டி, அந்தப் பயம் அன்றோடு தெளிந்தது என்று காட்டினார். காரணத்தையும் அவரே விளக்குகிறார். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை வெடித்தால் போதும் என்று பீரங்கியைப் பழக்கியிருந்த நவாபின் படையினர், ஒரே பீரங்கி நிமிஷத்துக்கு ஐந்தாறு முறை வெடிக்கக்கூடும் என்பதைக் கனவிலும் எண்ணியிருக்கவில்லை. வெற்றிக்கு இனத்தின் உயர்வையோ தெய்வ சகாயத்தையோ காரணமாகச் சொல்லாமல், பயிற்சியையும் சுடும் வேகத்தையும் காரணமாகக் காட்டிய இந்த விளக்கம், மால்சன் முதலிய பிற்காலத்தவர் கையில் மேலும் வளர்ந்து, இன்றும் ஆராய்ச்சியாளர்கள் வாதிக்கும் பொருளாக நிற்கிறது.

அவருடைய ஆராய்ச்சி முறை அக்காலத்துக்குப் பெரிதும் புதிது. போரில் நின்ற அதிகாரிகளிடமிருந்து கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வாங்கினார். சந்தேகம் தோன்றிய இடங்களில் கேள்விகளை அனுப்பிப் பதில் பெற்றார். படங்களையும் கோட்டை வரைபடங்களையும் தேடினார். எதிர்த்தரப்பையும் விட்டுவிடவில்லை. 1773-இல் பிரான்ஸ் சென்று, தக்காணத்தில் பல ஆண்டுகள் அதிகாரம் செலுத்திய புஸ்ஸியை அவருடைய கிராமத்து மாளிகையிலேயே சந்தித்து அளவளாவினார். முதல் பாகம் 1765-லேயே பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டிருந்ததால், தோற்ற தரப்பாரும் அவரை மதித்தனர். 1769 முதல் கம்பெனியின் அதிகாரபூர்வமான சரித்திரகாரராகவும் அவர் இருந்தார். 1801 ஜனவரியில் அவர் ஈலிங்கில் காலமானபோது விட்டுச் சென்ற கையெழுத்துப் பிரதிகள் இருநூறு தொகுதிகளுக்கு மேற்பட்டவை. அவை கம்பெனியின் நூலகத்தைச் சேர்ந்து, 1916-இல் ஹில் என்பவர் தயாரித்த விரிவான அட்டவணையின் மூலம் ஆராய்ச்சியாளருக்கு வழி திறந்தன.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். 1753-இல், இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஆர்ம், இந்துஸ்தானத்து ஜனங்கள் சுபாவத்திலேயே மென்மையும் கோழைத்தனமும் உள்ளவர்கள் என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். வெப்பமும் நிலவளமும் அரிசிச் சோறும் அதற்குக் காரணம் என்றும் சொன்னார். அவர் இறந்தபின் 1805-இல் வெளியான பதிப்பில் அது இடம்பெற்றது. படிக்கும்போது மனம் வேதனைப்படுகிறது. அந்நிய ஆட்சிக்கு அடிகோலியவர்களின் மனப்பான்மை அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால் அதே மனிதர் ஆண்டுக் கணக்காக உழைத்துச் சேர்த்த ஆதாரங்களோ அந்தக் கட்டுரையைப் பக்கத்துக்குப் பக்கம் மறுக்கின்றன.

கள்ளர் சீமையைப் பற்றிய அவருடைய பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் லாரன்ஸின் குதிரைகளும் கிளைவின் குதிரைகளும் களவு போயின. சகோதரர் இருவர் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, தூக்குத் தண்டனை பெற்றனர். ஒருவரை விட்டால் இரண்டு நாளில் குதிரைகளைக் கொண்டுவருவதாகவும், மற்றவர் பிணையாகச் சிறையில் இருப்பதாகவும், அதற்கு ஈடாக இருவருக்கும் மன்னிப்பு வேண்டுமென்றும் கேட்டார்கள், சம்மதம் கிடைத்தது. கெடு கடந்தும் போனவர் திரும்பவில்லை. சிறையில் இருந்தவரை அழைத்துக் கேட்டபோது அவர் சிறிதும் கலங்காமல், குடும்பம் முழுவதும் வாழக்கூடிய செல்வம் கைக்கு வந்திருக்கையில், ஒரு வேளைச் சோற்றுக்காகப் பல முறை பணயம் வைத்த ஓர் உயிரை மட்டும் கொடுத்து அதைக் காத்துக்கொள்ள முடியும்போது, நாங்கள் திருப்பித் தருவோம் என்று நீங்கள் நம்பியதுதான் வியப்பு என்றாராம். அவர் இதைச் சொன்ன தோரணை கண்டு சிரிப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்ற, கிளைவ் பரிந்து பேச, லாரன்ஸ் அவரை விடுதலை செய்தார். இதை எழுதிவைத்தவர் ஆர்ம். அவருக்கு அது ஒரு விசித்திரமான சம்பவம். நமக்கு அது மரணத்தை எதிர்நோக்கி நின்ற ஒரு தமிழரின் நெஞ்சுறுதிக்குப் பகைவர் எழுதிக் கொடுத்த சாட்சிப் பத்திரம்.

1755-இல் கர்னல் ஹெரான் மதுரைக்கருகே கோயில்குடிக் கோயிலைக் கொள்ளையிட்டுத் தெய்வத் திருமேனிகளைக் கவர்ந்து சென்றதையும், படை திரும்பும்போது நத்தம் கணவாயின் அடர்ந்த காட்டில் கள்ளர்கள் மறைந்திருந்து தாக்கி, அந்தத் திருமேனிகளை ஆரவாரத்துடன் மீட்டுச் சென்றதையும் ஆர்ம் மறைக்கவில்லை. அப்போது அவரே சென்னை சபையின் அங்கத்தினர். படை கம்பெனியின் படை. தலைவர் பின்னால் இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு நீக்கப்பட்டார். ஆயினும் தம் தரப்பின் அவமானத்தை அவர் மூடிப் பூசவில்லை. பூலித்தேவரின் எதிர்ப்பையும், வாசுதேவநல்லூர்க் கோட்டையின் இறுகிய மண்சுவருக்கு முன் கம்பெனியின் சிப்பாய்த் தளபதி யூசுப்கானின் தாக்குதல் 1759-இல் முறிந்ததையும் அதே நிதானத்துடன் எழுதினார். 1757 ஜனவரியில் பொப்பிலிக் கோட்டையில் ரங்கராவும் அவருடைய வீரரும் மானத்தைக் காக்கத் தம் மனைவி மக்களையே கொன்றுவிட்டுக் களத்தில் மாய்ந்ததையும், அதற்குப் பழிவாங்கச் சபதம் செய்த நால்வரில் இருவர் இரவில் பகைவர் விஜயராமராஜுவின் கூடாரத்துள் புகுந்து அவரைக் குத்திக் கொன்றதையும் அவர் சொல்லும்போது, கம்பெனியின் கணக்கர் மறைந்து காவியம் கேட்ட மனிதர் வெளிப்படுகிறார்.

முகம்மது யூசுப்கானைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். திருச்சிக்குத் தானியம் கொண்டுவந்த காவற்படைகளில் அவர் காட்டிய சாமர்த்தியம், பாளையக்காரர்களுடன் நடத்திய சண்டைகள், லாலியின் முற்றுகைப் படையைச் செங்கற்பட்டுப் பக்கமிருந்து ஓயாமல் நச்சரித்து, ஓரிடத்தில் விரட்டினால் மறு இடத்தில் வந்து மொய்க்கும் ஈக்களைப் போல இருக்கிறார்கள் என்று லாலியே சலித்துச் சொல்லும்படி செய்தது ஆகிய யாவும் ஆர்மின் பக்கங்களிலிருந்தே பிற்காலத்தவர் அறிந்தவை. யூசுப்கான் கலகக்காரராகி 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கதை ஆர்மின் நூலில் இல்லை. புதுச்சேரி வீழ்ந்த 1761-உடன் அவருடைய சரித்திரம் முடிந்துவிடுகிறது. அந்தக் கதையைத் தனி நூலாக 1914-இல் எழுதிய ஹில், ஆர்மின் சேகரத்துக்கு அட்டவணை செய்த அதே ஹில்தான். திருநெல்வேலிச் சரித்திரத்தை 1881-இல் வெளியிட்ட கால்டுவெல் பாதிரியாரும் பாளையக்காரர் போர்களுக்கு ஆர்மையே பெரிதும் துணைகொண்டார். நம் பாளையக்காரர்களின் வீரத்தைப் பற்றி மேடைகளில் முழங்குகிறவர்கள், தாங்கள் எடுத்தாளும் செய்திகள் எத்தனை கை மாறி வந்தவை என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஆங்கில இலக்கியத்திலும் இந்த நூலின் நிழல் விழுந்திருக்கிறது. தாக்கரே தம் நாவலொன்றில் கர்னல் நியூகம் என்ற பாத்திரத்துக்குச் சிறு வயதிலேயே இந்தியா மீது மோகம் உண்டாக்கியது ஆர்மின் சரித்திரம் என்று அமைத்திருக்கிறார். எத்தனை ஆங்கிலச் சிறுவர்கள் அதைப் படித்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள் என்பதைக் கணக்கிட முடியாது. 1861-இல் சென்னையிலேயே ஒரு பதிப்பு அச்சாயிற்று.

ஆர்முக்குத் தெரியாத உலகமும் ஒன்று உண்டு. அவர் எழுதிய அதே வருஷங்களை, அதே சண்டைகளின் செய்திகளை, புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் அருகிலிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாள்தோறும் எழுதிவந்தார். அந்தத் தினப்படிக் குறிப்பு 1846-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஆர்ம் அதைக் கண்டதில்லை. படைகளின் நடமாட்டத்தில் ஆர்ம் வல்லவர். படைகளை நடத்திய மனிதர்களின் கோபம், பேராசை, லஞ்சம், ஜோசிய நம்பிக்கை ஆகியவற்றில் பிள்ளையவர்கள் வல்லவர். இருவரையும் ஒருங்கே வைத்துப் படிக்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: 1752 வரை ஆங்கிலேயர் பழைய பஞ்சாங்கத்தையும் பிரெஞ்சுக்காரர் புதியதையும் பின்பற்றியதால் தேதிகளில் பதினொரு நாள் வித்தியாசம் வரும், அடையாற்றுச் சண்டை ஒருவர் கணக்கில் அக்டோபரிலும் மற்றவர் கணக்கில் நவம்பரிலும் விழுவது அதனால்தான்.

ஆர்ம் நம்மவர் அல்லர். நமக்காக எழுதியவரும் அல்லர். அவர் கொண்டிருந்த அபிப்பிராயங்களில் பலவற்றை நாம் நிராகரிக்கிறோம், நிராகரிக்க வேண்டும். ஆனால் தம் அபிப்பிராயத்துக்குப் பாதகமான உண்மையை அவர் ஒதுக்கவில்லை. கிடைத்ததைக் கிடைத்தபடியே பதிந்தார். அந்த நேர்மையால்தான் அவரையே அவருக்கு எதிர்ச் சாட்சியாக நிறுத்த நம்மால் முடிகிறது. சரித்திரம் பயிலும் நம் கல்லூரி மாணவர்கள் ஆர்மின் இரண்டு பாகங்களை ஒரு கையிலும், பிள்ளையவர்களின் குறிப்பை மறு கையிலும், யூசுப்கானைப் பாடும் கான்சாகிபு சண்டை போன்ற நாட்டுப் பாடல்களை நெஞ்சிலும் வைத்துக்கொண்டு, நத்தம் கணவாய்க்கும் வாசுதேவநல்லூருக்கும் கோயிலடிக்கும் நேரில் போக வேண்டும். அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, ஒவ்வொரு கூற்றையும் நிலத்தோடு ஒப்பிட்டு, தமிழில் எழுத வேண்டும். பல்கலைக்கழகங்கள் அதற்கு வேண்டிய பொருளுதவியைத் தாமதமின்றி அளிக்க வேண்டும்.